ஒரே புத்தகம், ஒரே அரை மணி

கேள்வி: தனி வகுப்பாகப் பியானோ கற்றுத்தருகிறேன். ஆறு வயதுக் குழந்தையும் வருகிறது, பணி ஓய்வு பெற்றவரும் வருகிறார். எல்லோருக்கும் ஒரே பாடப் புத்தகம், வாரம் ஒருமுறை அரை மணி நேரம். பாகுபாடே காட்டுவதில்லை. ஆனாலும் சிறுவர்கள் மளமளவென்று முன்னேறுகிறார்கள், பெரியவர்கள் தேங்கி நிற்கிறார்கள். இனிப் பெரியவர்களைச் சேர்க்காமல் விட்டுவிடலாமா?

பதில்: விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம். பழியை மட்டும் அவர்களுடைய வயதின் மேல் போடாதீர்கள். ‘பாகுபாடே காட்டுவதில்லை’ என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். தனி வகுப்புக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொது வகுப்பு நடத்துகிறீர்கள் என்றுதான் நான் அதைப் படித்தேன்.

சிறுவர்களின் முன்னேற்றத்திலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. நன்றாக வாசிக்கிற ஒரு பாட்டை மூன்றாவது வரியிலிருந்து தொடங்கச் சொல்லிப் பாருங்கள். பல குழந்தைகள் திகைத்து நிற்பார்கள். காதால் கேட்டதையும் உங்கள் விரல் போன இடத்தையும் அப்படியே பிடித்துக்கொண்டு, இசைக்குறிப்பைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அந்தக் காதைக் கெடுக்க வேண்டாம். கூடவே கண்ணையும் பழக்குங்கள். ஆறு வயதுக்கு அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருவதே பெரிய காரியம். கைதட்டித் தாளம் போடுவது, பாடுவது, கட்டைகளைத் தேடுவது என்று மாற்றிக்கொண்டே இருங்கள். பாதம் தொங்காமல் காலுக்கடியில் ஒரு பலகையும் போடுங்கள். ஒரு ஸ்தாயியின், அதாவது ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த ‘ஸ’ வரை உள்ள கட்டைகளின், அகலம் ஏறத்தாழ 16.5 சென்டிமீட்டர். சின்னக் கையை அதற்கு இழுத்து வளைக்காதீர்கள்.

பெரியவர்களின் கதை வேறு. எந்த சுரங்கள் சேர்ந்து ஒலித்தால் இனிமை, ஏன் இனிமை என்று ஒருமுறை விளக்கினால் போதும், புரிந்துகொள்வார்கள். விரல்தான் பின்தங்கும். ஒரு சுரம் பிசகினால் போதும், முதல் வரிக்கே திரும்பிவிடுவார்கள். இப்படியே ஒரு வாரம் போனால் முதல் வரி தேய்ந்துபோயிருக்கும். கடைசி வரியைக் கை தொட்டே இருக்காது. அவர்களுக்குக் கடைசி வரியிலிருந்து பயிற்சி கொடுங்கள். இரண்டு கைகளையும் தனித்தனியே, மிக மெதுவாக வாசிக்கட்டும். தோள் காதை நோக்கி ஏறுகிறதா, மணிக்கட்டு இறுகுகிறதா என்று பாருங்கள். ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் கால் மணி நேரம் மேல் என்றும் சொல்லுங்கள். கை தளர்வதற்கே பத்து நிமிடம் ஆகும் என்பதால், வகுப்பு முக்கால் மணி இருந்தால் நல்லது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை அவர்களுடைய காதுதான். நல்ல வாசிப்பு எப்படி இருக்கும் என்று பல்லாண்டுகளாகக் கேட்டுப் பழகிய காது, தன் கையிலிருந்து வரும் ஒலியைக் கேட்டுக் கூசுகிறது. குழந்தைக்கு அந்தத் துயரமே கிடையாது. கூசிப்போய் இருக்கும் அந்த மனிதரின் கையில்தான் கரடியும் பலூனும் வரைந்த புத்தகத்தைத் திணிக்கிறீர்கள்! ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. 1838இல் அவர் எழுதிய ‘குழந்தைமைக் காட்சிகள்’ பெயரில்தான் குழந்தை. அது வளர்ந்தவர்கள் பிள்ளைப்பருவத்தை நினைத்துப் பார்க்கும் இசை. குழந்தைகள் தாமே வாசிப்பதற்கென்று 1848இல் வேறொரு தொகுப்பைத் தனியாக எழுதினார்.

பதின்வயதினரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லையே, அவர்கள் ஏற்கெனவே ஓடிவிட்டார்களா? அடுத்து ஒருவர் வந்தால், பாட்டுகளில் ஒன்றையாவது அவரே தேர்ந்தெடுக்கட்டும். உங்களுக்குப் பிடிக்காததாகத்தான் இருக்கும். முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுங்கள்.

ஓய்வு பெற்றவரை அனுப்பிவைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பாட்டை வாசிக்க ஆசைப்பட்டு வந்தார்? இதுவரை கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அது இப்போதைக்கு அவருக்கு எட்டாததாக இருக்கும். அதில் ஒரு வரியை மட்டும் எடுத்து, இடது கைக்கு உரியதை ஒற்றைச் சுரங்களாகச் சுருக்கி, உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். கரடிப் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.