கோடை முகாமில் பிள்ளைகளை மரப்பெட்டி சுமக்க வைப்பது ஏன்?

கனடாவின் டெமகாமி ஏரியில் இருக்கும் கீவேடின் முகாமில், இலகுவான பைகள் கிடைக்கும் இந்தக் காலத்திலும் மரப்பெட்டி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள்.

1893இல் கிரெக் கிளார்க் தொடங்கிய முகாம் இது. ஒஜிப்வே என்னும் பூர்வகுடி மொழியில் பெயருக்குப் பொருள், கிட்டத்தட்ட நம் வாடைக்காற்று. படகில் போகும் வழியில் ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே காடு வந்துவிட்டால், படகையும் சாமான்களையும் சுமந்துதான் கடக்க வேண்டும். 'வானிகன்' என்னும் அந்தப் பெட்டியில் மளிகையும் பாத்திரங்களும் இருக்கும். அதில் கட்டிய தோல்வாரின் அகன்ற பகுதியை உச்சந்தலைக்குச் சற்று முன்னால் பதித்து, குனிந்து நடப்பார்கள். பாரம் தோளுக்குப் போகாமல் முதுகெலும்பு வழியே இறங்கும். மாலையில் அதே பெட்டிதான் சமையல் மேசை.

இந்த வித்தை கிளார்க்கினுடையது அல்ல, அந்நிலத்துப் பூர்வகுடிகளுடையது. தொடக்க கால வழிகாட்டிகளில் பலர் அவர்களே. முகாமின் புகழ் பேசுபவர்கள் இதை இன்னும் உரக்கச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

பெட்டிக்குள் இருப்பது எல்லோருக்குமான சோறு. சுமப்பவன் வழியில் உட்கார்ந்துவிட்டால் இரவில் எவருக்கும் சாப்பாடு இல்லை. ஆகவே தன் சுமையை இறக்கியவன் அவனைத் தேடித் திரும்பி வருகிறான்.