விஜயநகரம் எங்கே போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் குடும்பத்துடன் ஹம்பிக்குப் போயிருந்தேன். சிதைந்த நரசிம்மரையும் வெறிச்சோடிய கடைவீதியையும் பார்த்து மனம் கனத்துவிட்டது. 1565-இல் தலைக்கோட்டையில் தோற்றதோடு ஒரு பண்பாடே இல்லாமல் போய்விட்டதே! இந்தக் கற்களைத் தவிர விஜயநகரத்தில் வேறு என்ன மிஞ்சியிருக்கிறது?

எம்.

அன்புள்ள எம்.,

தலைநகரமான ஹம்பி அழிந்தது உண்மை. பண்பாடு அழிந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விஜயநகரத்தைத் தேடுகிறவர்கள் ஹம்பியோடு நின்றுவிடக் கூடாது என்பேன்.

அந்தப் போரில் விஜயநகரப் படையை நடத்திய ராமராயர் கொல்லப்பட்டதும் அவர் தம்பி திருமலர் பெனுகொண்டாவுக்குப் போனார். தலைநகரம் பிறகு சந்திரகிரிக்கும் வேலூருக்கும் நகர்ந்தது. 1639-இல் ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர், அப்போதைய ராயருக்கு, அதாவது விஜயநகர அரசருக்கு, கட்டுப்பட்டவர்தான். அங்கே கோட்டை கட்டிய கம்பெனியார் அடித்த பொற்காசு ஒன்றில் வேங்கடேசப் பெருமாள் இரு தேவியரோடு நிற்கிறார். ராயர் காலத்துப் பொற்காசான வராகனைத்தான் ஊர்ச் சந்தை நம்பியது. வியாபாரம் செய்ய வந்தவர்களுக்கும் வேறு வழியில்லை.

பேரரசு சரிந்தபோது அதன் நாயக்கர்களும் பிரதிநிதிகளும் தனித்தனி அரசர்கள் ஆனார்கள். அரசர் என்று ஊரார் ஒப்புக்கொள்ள வேண்டுமே! அதற்கு ராயர் செய்ததை எல்லாம் இவர்களும் செய்துகாட்ட வேண்டியிருந்தது. மைசூரின் ராஜ உடையார், விஜயநகரத்தின் பிரதிநிதியிடமிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த கையோடு, 1610-இல் அங்கே நவராத்திரி விழாவைத் தொடங்கினார். ராமநாதபுரம் சேதுபதிகளும் அதையே அரச விழாவாகக் கொண்டாடினார்கள்.

1520-ஐ ஒட்டி ஹம்பிக்கு வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ், அந்த ஒன்பது நாள் விழாவை விரிவாக எழுதியிருக்கிறார். அதில் மல்யுத்தமும் வருகிறது: பல் உடையும், கண் போகும் அளவுக்கு அடி விழுமாம். இன்றும் விஜயதசமி அன்று மைசூர் அரண்மனை முற்றத்தில், ஜெட்டிகள் எனப்படும் தலை மழித்த மல்லர்கள் விரல்களில் முட்கருவி மாட்டிக்கொண்டு மோதுகிறார்கள். முதல் துளி ரத்தம் சிந்தியதும் ஆட்டம் நிறுத்தப்படுகிறது. அதன் பிறகுதான் யானை ஊர்வலம் புறப்படும். இதைவிட வேறு என்ன மிஞ்ச வேண்டும், எம்.?

இசைக்கு வருகிறேன், என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். மயிலாப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் பாட்டு வகுப்பில் சேரும் குழந்தை முதல் நாள் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடுகிறது. அந்தப் பாடமுறையை வகுத்தவர் விஜயநகரத்தில் வாழ்ந்த புரந்தரதாசர் என்பது இசை மரபு. அவர் மறைந்தது 1564-இல், தலைக்கோட்டைப் போருக்குச் சற்று முன்னால். அந்நகரம் பாழான பிறகும் பாடம் குருவிடமிருந்து சீடருக்குப் போய்க்கொண்டே இருந்தது. அதைக் கொளுத்த எந்தப் படையாலும் முடியாது. தஞ்சை நாயக்கர்கள் தெலுங்குக் கலைஞர் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்து ஆதரித்தார்கள். மெலட்டூரின் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் அப்படி வேர்விட்டதுதான். தஞ்சை அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி 72 மேளங்களை, அதாவது தாய் ராகங்களை, வகுத்தார். 1767-இல் திருவாரூரில் பிறந்த தியாகராஜர் காவிரிக் கரையில் தெலுங்கில் பாடியதற்கான நிலம் இவ்வாறு பண்பட்டது.

ஆனால் இதை வெறும் பெருமைக் கதையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. 1429-ஐ ஒட்டிய கல்வெட்டுகள் தஞ்சைப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. ராயர் ஆட்சியின் வரிக்கொடுமை தாங்காமல், இரு அணிகளாகப் பிரிந்திருந்த சாதியினரான வலங்கையாரும் இடங்கையாரும் தம் பகையை மறந்து ஒன்றுகூடி, விளைச்சலுக்கு ஏற்ற வரி மட்டுமே கொடுப்போம், முறையற்ற வரி கொடுக்க மாட்டோம் என்று முடிவெடுத்து அதைக் கோயில் சுவரிலேயே வெட்டிவைத்தார்கள். கிருஷ்ணதேவராயர் தொடங்கி தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்த திருவண்ணாமலை ராஜகோபுரம் 217 அடி. அதை அண்ணாந்து பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும்; இத்தனை கல்லுக்கும் கூலிக்கும் எந்த வயல் கொடுத்தது என்ற கேள்வியும் கூடவே எழும். ராயர் விட்டுச்சென்றதைப் பட்டியலிடுகிறவர்கள் அந்தக் கல்வெட்டுகளையும் அதில் சேர்க்க வேண்டும்.