மாமரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியலும் கணிதமும் எடுக்கிறேன். ஆசிரியர் சொல்லிக்கொடுப்பதைவிட மாணவர்களே யோசித்துச் செய்தால் நன்றாகக் கற்கிறார்கள் என்று காட்டும் வெளிநாட்டுக் கல்வி ஆய்வுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அவையெல்லாம் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை. என் வகுப்பில் பாதிப் பேர் மாந்தோப்பிலும் மாங்கூழ் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். போர்ஷன் முடிக்க வேண்டும், தலைமையாசிரியர் ரிசல்ட் கேட்கிறார். கேள்வி கேட்டு யோசிக்கச் சொன்னால், "மிஸ், நீங்களே சொல்லிடுங்க, எழுதிக்கிறோம், அப்பதான் புரியுது" என்கிறார்கள். சோதனை செய்து காட்டினால் கைதட்டுகிறார்கள். அடுத்த வாரம் கேட்டால் ஒன்றும் நிற்பதில்லை. இந்த ஆய்வுகளால் எங்களுக்கு என்ன பயன்?

ஓர் ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் சந்தேகம் நியாயமானது. இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் தொகுப்பு ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014-இல் வெளியிட்டது. 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வகுப்புகளில் 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்களும் ஏதாவது செய்ய வேண்டியிருந்த வகுப்புகளில் 21.8 சதவீதம். எல்லாமே இளநிலைப் பட்ட வகுப்புகள்தான். அதை வைத்து உங்கள் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைக் கணக்குப் போட முடியாது. ஆனால் இப்படி ஏன் நடக்கிறது என்று தேடிய ஆய்வுகள் உங்கள் வகுப்புக்குள்ளும் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கைதட்டலில் இருந்தே தொடங்கலாம். ஹார்வர்டில் இயற்பியல் எடுக்கும் எரிக் மசூரின் குழு 2004-இல் இதைத்தான் சோதித்தது. ஒரு சாராருக்குச் சோதனையைச் செய்து காட்டி விளக்கினார்கள். இன்னொரு சாரார், என்ன நடக்கும் என்று முதலில் சொல்லிவிட்டுப் பார்த்தார்கள். சும்மா பார்த்தவர்களின் புரிதல், சோதனையையே பார்க்காதவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. முன்கூட்டிச் சொன்னவர்கள் தெளிவாகவே மேலே இருந்தார்கள். அதற்கு ஆன கூடுதல் நேரம் ஓரிரு நிமிடம். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு எளிய சோதனைகளைக் கொண்டுபோகிறது. அருமையான திட்டம். அதிலும் சோதனைக்கு முன்னால் "என்ன ஆகும், எழுது" என்ற ஒரு நிமிடம் இருந்துவிட்டால் பலன் இன்னும் கூடும்.

உங்கள் ஊருக்கு ஏற்ற கேள்வி ஒன்று சொல்கிறேன். கொட்டை போட்டு முளைத்த மாங்கன்று இருபது வருடத்தில் டன் கணக்கில் மரமாக நிற்கிறது. ஈரம் வற்றக் காய்ந்த பிறகும் அதில் மிஞ்சும் எடை பெரும்பாலும் எங்கிருந்து வந்தது? மண், உரம், தண்ணீர், காற்று. ஒன்றைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளே மண் என்றும் உரம் என்றும் எழுதுவார்கள். உலகம் முழுக்க இதுதான் நிலவரம். பட்டம் முடித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு, மறுபடி எழுதச் சொல்லுங்கள். அப்புறம் பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட்டின் கதையைச் சொல்லுங்கள். 200 பவுண்டு காய்ந்த மண்ணில் வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 160 பவுண்டுக்கு மேல் கூடியது, மண்ணின் எடையில் குறைந்ததோ சுமார் இரண்டு அவுன்ஸ்தான். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டியதும் தவறு. காய்ந்த மரத்தின் எடையில் பெரும்பங்கு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது. மண் கொடுத்த பங்கைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், விறகு எரிந்த பின் அடுப்பில் மிஞ்சும் சாம்பலைப் பாருங்கள். அதை எந்தப் பிள்ளையும் வீட்டிலேயே பார்த்திருக்கும்.

கணக்கில் இந்தக் கேள்வி முறை இன்னும் நுட்பமாக வேலை செய்யும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு பெரிய பிரச்சினை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. சரி, ஒரு கிணற்றில் 1.25. இது 1.5-ஐவிட அதிகமா, குறைவா? இருபத்தைந்து ஐந்தைவிடப் பெரிது என்று "அதிகம்" எழுதும் பிள்ளைகள் ஒரு கூட்டம். தசம எண்களைப் பற்றிய ஆய்வுகளில் இந்தத் தவறு நன்றாகப் பதிவாகியிருக்கிறது. எதிர்த் தவறும் உண்டு. புள்ளிக்குப் பின் இலக்கம் கூடினால் துண்டு சின்னதாகும், ஆகவே எண்ணும் சின்னது என்று நினைப்பவர்கள். அவர்கள் "குறைவு" என்று எழுதிச் சரியான விடைக்கே மார்க் வாங்கிவிடுவார்கள்! அதனால் கூடவே இன்னொன்று கேளுங்கள்: 1.75 அதிகமா, 1.5 அதிகமா? முதல் கூட்டம் இதில் தப்பித்துவிடும், இரண்டாம் கூட்டம் மாட்டிக்கொள்ளும். இரண்டையும் சரியாக எழுதியவர்களைப் பற்றித்தான் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். ஒரே தாளில் இரண்டு கேள்வி, மூன்று விதமான பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் வேறு விளக்கம் வேண்டும். மார்க் பட்டியல் இதைக் காட்டவே காட்டாது.

"நீங்களே சொல்லிடுங்க" என்பதற்காக வருத்தப்படாதீர்கள். ஹார்வர்ட் மாணவர்களும் அதையேதான் சொன்னார்கள். லூயி டெலோரியே குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சரளமான விரிவுரை கேட்டவர்கள் தாங்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். திணறித் திணறித் தாங்களே போட்டவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வு வைத்தால் திணறியவர்களே அதிகம் கற்றிருந்தார்கள். இதை உங்கள் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கஷ்டமாக இருந்தால் மூளை வேலை செய்கிறது, தப்பாக எழுதினால் யாரும் மார்க் குறைக்கப்போவதில்லை என்று.

தேர்வைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம், பிள்ளைகளே சோதனை செய்து கற்கும் முறையைக் கொண்டுவந்தபோது, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வையும் சேர்த்தே கொண்டுவந்தது. முப்பது ஆண்டு நடந்து 2002-இல் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். வினாத்தாளை மாற்றும் அதிகாரம் உங்கள் கையில் இல்லை. அதனால் பத்தாம் வகுப்பை இந்த வருடம் அப்படியே விடுங்கள். ஒன்பதாம் வகுப்பில், வாரம் இரண்டு நாள், பாடம் தொடங்கும் முன் ஏழெட்டு நிமிடம் போதும். ஸ்மார்ட் போர்டு வேண்டாம், கிழித்த நோட்டுத் தாள் போதும்.

அந்தத் தாள்களை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். கேள்வி, தவறான விடை, "ஏன் அப்படி எழுதினாய்" என்று கேட்டபோது பிள்ளை சொன்ன காரணம், இந்த மூன்றையும் அவர்கள் பேச்சிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளை எடையையும் தசமத்தையும் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது எந்த ஹார்வர்ட் ஆய்விலும் கிடைக்காது. பிள்ளைகளின் பெயர் இல்லாமல் எனக்கும் அனுப்புங்கள். இந்தத் தளத்தைப் படிக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே கேள்விகளை அரூரிலும் ஓசூரிலும் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

அன்புடன்.