பாலை மரக் கன்றுக்கு மரபணுச் சான்றிதழ் வேண்டுமா?

வன்னியில், ஒட்டுசுட்டானில் நாற்றுமேடை நடத்தும் சங்கம் ஒன்று கேட்கிறது: "எங்கள் பாலைக் கன்றுகளின் இலையை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பி, மரபணு வளமுள்ளவை என்று சான்றிதழ் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கன்றுக்கு இவ்வளவு என்று காசு. கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம். டிஎன்ஏயில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது மரத்துக்கு மரம் மாறும். இந்தச் சோதனையில் அதை அளந்து காட்டுவதுதான் மார்க்கர். தாய் வழியாக ஓர் அளவு, தகப்பன் வழியாக ஓர் அளவு. ஒரு காட்டில் இருபது முப்பது மரங்களை அளந்தால் அங்கே எவ்வளவு வேறுபாடு உண்டு என்று தெரியும். தனிக் கன்று நன்றாக வளருமா, வைரம் பாயுமா என்பதை இந்த மார்க்கர் சொல்லாது. சான்றிதழில் இருக்கப்போவது முத்திரை மட்டும்தான்.

"பாலைக்கென்று மார்க்கர் வேண்டாம், சப்போட்டாவினுடையதே போதும்" என்றும் அவர் சொல்லக்கூடும். அதில் பாதி உண்மை. இரண்டும் ஒரே பேரினம். பாலை அடிக்கன்றில் சப்போட்டாவை ஒட்டுவதும் அதனால்தான். ஆனால் மார்க்கர் பிடிக்கும் இடத்தில் பாலையின் எழுத்து கொஞ்சம் மாறியிருந்தாலும் ஓர் அளவு மறைந்துவிடும். இரண்டு அளவு உள்ள மரம் ஒன்றே உள்ளதுபோலத் தெரியும். தாயும் தகப்பனும் ஒரே அளவைக் கொடுத்த சொந்தங்கள் என்று எடுத்துக்கொண்டு, உடனே "வன்னிப் பாலை சொந்தத்துக்குள் கலந்து நலிந்துவிட்டது" என்று அறிக்கை வரும், பின்னாலேயே வெளியூர் விதை விற்க ஆள் வரும்! ஒரு தாய் மரத்தையும் அதன் கன்றுகளையும் சேர்த்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தாயின் அளவுகளில் ஒன்று ஒவ்வொரு கன்றிலும் இருக்க வேண்டும். அடிக்கடி தவறினால் அந்த மார்க்கரைத் தள்ளிவிடுங்கள்.

அந்தக் காசை விதையில் போடுங்கள். மூட்டையாக விற்பவரிடம் வாங்காதீர்கள். கொப்பை வெட்டி இரண்டு மரத்துப் பழத்தை உலுப்பிக் கொண்டுவந்திருப்பார். நூறு மீற்றராவது இடைவெளி விட்டு, இருபத்தைந்து முப்பது தாய் மரங்களில் எடுத்து, மரத்துக்கொரு பையில் வையுங்கள்.

பல்கலைக்கழக ஆய்வுகூடம் எதுவும் பிறகு இலை கேட்டால், காகித உறையில் சிலிக்கா ஜெல்லோடு உலர வைத்துக் கொடுங்கள். சொப்பிங் பையில் கட்டினால் அழுகிவிடும். ஒதுக்கக் காட்டுக்குள் இலை பறிக்கவும் அனுமதி வேண்டும். அந்தக் கடிதம் மேசைக்கு மேசை நகர்வதற்குள் விழுந்த பழம் முளைத்துவிடும், என்ன செய்வது! விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிட்டு, கோவில் காணியிலும் வளவுகளிலும் நிற்கும் மரங்களில் தொடங்குங்கள். அங்கே உரியவர்களிடம் கேட்டால் போதும்.