மருந்துக்கடைக்காரர் பதில்கள்

கேள்வி: பேத்திக்கு ஏழு மாதம். சளி பிடித்தால் நீலகிரித் தைலத்தை நெஞ்சில் தடவி, மூக்கருகிலும் கொஞ்சம் வைப்பேன். மருமகள் கூடவே கூடாது என்கிறாள். இலையிலிருந்து எடுப்பதுதானே, என்ன கெடுதல்?
– ஒரு பாட்டி, திருப்பூர்

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, நான் உங்கள் மருமகள் கட்சி.

எனக்குக் குன்னூர். தைலம் காய்ச்சுவதைப் பார்த்தே வளர்ந்தவன். பெரிய கொப்பரையில் யூகலிப்டஸ் இலையை மிதித்துத் திணித்து, காய்ச்சி முடித்த பழைய சருகையே அடுப்பில் போட்டு எரிப்பார்கள். ஆவி குழாய்க்குள் போய்க் குளிர்ந்து சொட்டும். நூறு கிலோ இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும், அவ்வளவுதான். இலையில் துளித்துளியாக இருந்த சினியோல் என்ற சரக்குதான் குப்பியில் பாதிக்கு மேல். இலை சாது, எண்ணெய் அப்படி இல்லை.

கைக்குழந்தையின் மூக்கருகே இந்தக் காரமான வாசனையை வைத்தால் குரல்வளை இறுகி மூச்சு திணறலாம். இரண்டு வயது வரை முகத்துப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவுகிறோமே, அதுவும் வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், வலிப்பு வரவழைக்கும். அமெரிக்காவில் விளக்கெண்ணெய் என்று நினைத்துக் கற்பூர எண்ணெயைக் குடிக்கக் கொடுத்துப் பல விபத்துகள் நடந்து, 1980-களில் அதன் விற்பனையையே நிறுத்தினார்கள்.

எனக்குப் பெரிய பயம் குப்பி இருக்கும் இடம்தான். தவழும் பிள்ளை எட்டும் ஜன்னல் விளிம்பில்தானே வைக்கிறோம்? ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி வயிற்றுக்குள் போனாலே மயக்கம், வலிப்பு வரலாம். அதற்கும் குறைவாகக் குடித்து ஆபத்தான குழந்தைகளும் உண்டு. அப்படி ஆகிவிட்டால் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள், குப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

சளிக்கு? மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, அடிக்கடி தாய்ப்பால். நெஞ்சு உள்வாங்கி மூச்சு விட்டால் உடனே டாக்டர்.

கேள்வி: பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் விடலாமா?
– கல்லூரி மாணவர், தேனி

பதில்: விடலாம். அதிலுள்ள யூஜெனால் மரத்துப்போகச் செய்யும். பஞ்சில் ஒரே சொட்டு, பல்லில் மட்டும்; ஈறில் பட்டால் வெந்துவிடும். சொத்தை அப்படியேதான் இருக்கும், பல் டாக்டரிடம் போயாக வேண்டும்.