மேனேஜர் என்று கார்டு அடித்துக் கொடுத்துவிட்டால் தொழிலாளி இல்லையா?

கேள்வி: திருப்பூரில் 35 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்து 11 வருடம் முடிந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்பு சம்பளத்தை 22,000 ஆக்கி, புரொடக்‌ஷன் மேனேஜர் என்று விசிட்டிங் கார்டும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் லே போட்டு (துணியை அடுக்கடுக்காக விரித்து) வெட்டியது நான்தான். போன மாதம் முதலாளி திடீரென்று "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார். செட்டில்மென்ட் கேட்டால், மேனேஜருக்கு லேபர் சட்டமே கிடையாது என்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. கார்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, நாள் முழுக்க முக்கியமாக என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது. 1985-லேயே உச்ச நீதிமன்றம் சீபா கெய்கி கம்பெனி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு இடத்தில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்தில், மேற்பார்வை வேலை பார்ப்பவர் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கினால் தொழிலாளி இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு அந்த வரம்பை 18,000 ஆக்கியிருக்கிறது, நீங்கள் வாங்கியதோ 22,000. அதனால் "35 பேரை நான்தான் மேய்த்தேன், என்னைக் கேட்காமல் ஒரு பண்டல்கூட நகராது" என்று மனுவில் நீங்களே எழுதிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பட்டம் கிடைத்த பெருமையில் இப்படிப் பேசி, உரிமையைத் தாங்களே கைவிட்டவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். கத்தரி பிடித்து வெட்டுவதுதான் முக்கிய வேலை என்றால் நீங்கள் திறன் பெற்ற தொழிலாளி, அவர்களுக்கு இந்தச் சம்பள வரம்பே கிடையாது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், போதும்.

ஆளை எடுக்க, நிறுத்த, லீவு கொடுக்க, செக்கில் கையெழுத்துப் போட உங்களுக்கு அதிகாரம் இருந்ததா? நிர்வாகப் பொறுப்பு இருந்ததா என்று பார்க்கும்போது இதெல்லாம்தான் கேள்வியாக வரும். ஒரு டெய்லருக்கு அரை நாள் லீவு வேண்டுமென்றாலும் முதலாளியிடம் வாட்ஸ்அப்பில் "அனுப்பலாமா சார்" என்று கேட்டிருப்பீர்கள் இல்லையா, அந்த மெசேஜ்தான் உங்களுக்கு நல்ல சாட்சி, போனை மாற்றுவதற்குள் எடுத்து வையுங்கள். நீங்கள் எழுதிய கட்டிங் ரிப்போர்ட், பிஎஃப் பாஸ்புக், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வேண்டும், ஏனென்றால் தொழிலாளி என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

தொழிலாளி என்று நிரூபணமானால், ஆட்குறைப்பு என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தந்திருக்க வேண்டும், முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தந்திருக்க வேண்டும். எதுவும் தராமல் வாய்மொழியாக நிறுத்தியது செல்லாது, திரும்ப வேலை கேட்கலாம். முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள், அங்கே 45 நாளில் முடியாவிட்டால் நீங்களே நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நிறுத்திய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போய்விட வேண்டும்.

கிராஜுவிட்டி விஷயத்தில் இந்தத் தகராறே கிடையாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் கம்பெனியில் ஐந்து வருடம் முடித்த யாருக்கும், நிஜமான மேனேஜருக்கும், அது உண்டு. 22,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் என்றால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 11-ஆலும் பெருக்குங்கள், சுமார் 1,39,600 ரூபாய் வரும். எழுத்து மூலம் கேட்டு, பதிவுத் தபாலில் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், "ராஜினாமா எழுதிக் கொடு, பார்த்துச் செய்கிறேன்" என்று கூப்பிடுவார்கள். தயவு செய்து எழுதிக் கொடுக்காதீர்கள். "எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்று டைப் செய்து வைத்திருக்கும் தாளிலும், கையில் பணம் வந்தால்கூட, ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.