ஆட்டோவுக்கு அழாமல் சென்னை பார்க்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு கல்யாணத்துக்காகத் தாம்பரம் வருகிறோம். நான், கணவர், ஏழாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன். கல்யாணம் முடிந்து இரண்டு நாள் கையில் இருக்கிறது. போன தடவை சென்னை வந்தபோது ஆட்டோவுக்கே காசெல்லாம் போய்விட்டது. குறைந்த செலவில் என்னென்ன பார்க்கலாம்?
– ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: தாம்பரத்தில் தங்குகிறீர்கள் என்றால் பாதிக் கவலை விட்டது, வாசலிலேயே மின்சார ரயில் இருக்கிறது. சென்னையில் ஒரு இடத்தைப் பார்க்க ஆகும் செலவு கம்மிதான். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஓடுவதில்தான் காசு கரைகிறது. காலையில் வண்டலூர், மத்தியானம் மெரினா, சாயங்காலம் தி.நகர் என்று ஊரைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் பணமும் போகும், பிள்ளைகளும் துவண்டு விடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு ரயில் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பாதையை ஒட்டி இருப்பதை மட்டும் நிதானமாகப் பாருங்கள், மீதி அடுத்த தடவைக்கு.

முதல் நாள் பறக்கும் ரயில், அதாவது தூண்கள்மேல் உயரத்தில் ஓடும் மின்சார ரயில். தாம்பரத்தில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே பார்க் டவுன், அங்கே வேளச்சேரி ரயில் பிடித்துத் திருமயிலையில் இறங்குங்கள். தாம்பரத்திலேயே திருமயிலைக்கு டிக்கெட் எடுத்துவிடலாம். கபாலீசுவரர் கோயில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் பதினொரு மணிக்குள் போய்ச் சேர்வது நல்லது. தரிசனம் முடித்துக் குளத்தைச் சுற்றி மாட வீதிகளில் நடந்தால் பூக்கடை, பாத்திரக்கடை, நவராத்திரி நேரமாக இருந்தால் பொம்மைக் கடைகள் என்று வேடிக்கைக்குக் குறைவில்லை.

வெயில் ஏறியதும் அதே பாதையில் கோட்டூர்புரம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010இல் திறந்தது, உள்ளே போகக் கட்டணம் கிடையாது. பிள்ளைகளுக்கென்றே முதல் மாடியில் தனிப் பிரிவு இருக்கிறது, நடுவில் பெரிய செயற்கை மரம், சுற்றி உட்கார்ந்து படிக்கலாம். உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் குளுகுளுவென்று இருந்துவிட்டு வர இதைவிட நல்ல இடம் சென்னையில் எனக்குத் தெரியாது. பையை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் பெரிய மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம், தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டால் நூலகத்துக்கு முன்னாலோ பின்னாலோ சேர்த்துவிடலாம்.

நாலு மணிக்குள் கலங்கரை விளக்கம். அந்தப் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது, இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். சின்னக் கட்டணம்தான், லிஃப்டில் மேலே போய் நின்றால் ஒரு பக்கம் முழுக்கக் கடல், மறுபக்கம் முழுக்கச் சென்னை. திங்கட்கிழமை விடுமுறை. இறங்கி மெரினா ஓரமாகவே வடக்கே நடந்தால் விவேகானந்தர் இல்லம் வரும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்கக் கட்டிய கட்டடம் அது, அதனால்தான் அந்தப் பகுதிக்கே ஐஸ் ஹவுஸ் என்று பெயர். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்னும் நடந்தால் உழைப்பாளர் சிலை, பாறையைப் பெயர்க்கும் நாலு பேர், தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. சும்மா படம் எடுத்துக்கொண்டு நகராமல் அந்த முதுகுகளையும் தொடைகளையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், நாலு பேரும் நாலு விதமாக மூச்சு முட்டி நிற்பது தெரியும். சுண்டல் சாப்பிட்டுவிட்டுச் சேப்பாக்கத்தில் ரயில் ஏறிவிடலாம். பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் ராத்திரியில் ஆளரவம் குறைந்து கிடக்கும், பிள்ளைகளோடு ரொம்ப நேரம் ஆக்க வேண்டாம்.

இரண்டாம் நாள் தாம்பரம்–கடற்கரை பாதை. கிண்டியில் சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டுக்குமே செவ்வாய் விடுமுறை. அப்புறம் எழும்பூர் அருங்காட்சியகம், 1851இல் தொடங்கியது, அதற்கு வெள்ளி விடுமுறை. எல்லாக் கூடத்தையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்பாதீர்கள், கால் வலிதான் மிஞ்சும். திமிங்கல எலும்புக்கூட்டைப் பையனுக்குக் காட்டுங்கள், பிறகு நேராகச் செப்புத் திருமேனிகள் கூடத்துக்குப் போங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் முன்னால் பிள்ளைகளை நிறுத்திக் கைகளை எண்ணச் சொல்லுங்கள். சிவன் பக்கம் இரண்டு கை, அம்மன் பக்கம் ஒரே கை. இடுப்பு வளைவும் உடையும் நடுக்கோட்டில் எப்படி மாறுகின்றன என்று அவர்களாகவே கண்டுபிடிக்க ஆரம்பிப்பார்கள், நீங்கள் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

இன்னொன்று, சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் உங்களுக்கும் மகளுக்கும் கட்டணம் கிடையாது, 2021லிருந்து இப்படித்தான். கிண்டி ஸ்டேஷனிலிருந்து பூங்காவுக்குப் போவது மாதிரிச் சின்னத் தூரத்துக்கெல்லாம் ஆட்டோவைக் கூப்பிடாமல் அதில் ஏறுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். மார்கழிக் கச்சேரி கேட்கச் சென்னை வர வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. டிக்கெட் விலையைக் கேட்டால் தயக்கமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, புதுக்கோட்டை

பதில்: தயங்காமல் வாருங்கள் அம்மா. மாலையில் பெரிய வித்வான்கள் பாடும் கச்சேரிக்குத்தான் அந்த விலை. பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகள் இலவசம், யாரும் உள்ளே போய் உட்காரலாம். பாடுகிறவர்கள் இளையவர்கள், அதனால் தரம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனையோ பேரை ஊர் முதலில் கேட்டது அந்த மதிய நேரத்தில்தான். பாதி நாற்காலி காலியாக இருக்கும், முன் வரிசையில் உட்கார்ந்து தம்பூரா சத்தம் வரைக்கும் கேட்கலாம். மியூசிக் அகாடமியில் காலை வேளையில் நடக்கும் விளக்கவுரைகளுக்கும் டிக்கெட் இல்லை, ஆசிரியையாக இருந்த உங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மயிலாப்பூர் பக்கம் தங்கினால் மூன்று நாலு சபாக்களுக்கு நடந்தே போய் வரலாம். சபா கேண்டீன் சாப்பாடு பிரமாதம், ஆனால் தினமும் சாப்பிட்டால் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். ஜனவரி வரை இருக்க முடிந்தால் நந்தனத்தில் புத்தகக் காட்சியையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: மெரினாவில் குளிக்கலாமா?
– ஒரு வாசகர், ஓமலூர்

பதில்: வேண்டாம். கரை சட்டென்று ஆழமாகிறது, அலை திரும்பும்போது காலை வாரி இழுக்கும், நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே இறந்திருக்கிறார்கள். கணுக்கால் நனைய நின்றுவிட்டு வந்துவிடுங்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக ஒரு நினைவு மண்டபம் நிற்கும், 1930இல் கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்காகக் கட்டியது. அங்கேயும் அதே கடல்தான்.

கேள்வி: நேர்முகத் தேர்வு முடிந்து ராத்திரி சென்ட்ரலில் ரயில். நடுவே ஐந்து மணி நேரம் இருக்கும். கையில் இருநூறு ரூபாய்தான்.
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: இருநூறு தாராளம் தம்பி. பையைப் பூட்டி ஸ்டேஷன் கிளாக் ரூமில் போடுங்கள், பூட்டாத பையை வாங்கமாட்டார்கள். பக்கத்தில் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை இருக்கிறது, 1913இல் திறந்த வெள்ளைக் கட்டடம், விளக்கு போட்ட பிறகு வெளியிலிருந்து பார்த்தாலே போதும். அப்புறம் பார்க் ஸ்டேஷனில் ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்துக் கடற்கரை ஸ்டேஷன் போங்கள். எதிரே பர்மா பஜார், அதை ஒட்டிய தெருக்களில் சாயங்காலம் அத்தோ கடைகள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு. செம்மஞ்சள் நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். காரம் கம்மியாக என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது ஒத்துக்கொள்ளாது என்றால் அம்மா உணவகத்தில் மலிவாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் சென்ட்ரல் திரும்பிவிடுங்கள், கிளாக் ரூமில் பையை எடுக்கச் சில நாள் வரிசை நீளமாக இருக்கும்.